ஐரோப்பிய ஒன்றியத்துள் நாடுவிட்டு நாடு குடிபெயர்தல்: உரிமையும் ஒழுங்கும்

ஒரு நாட்டின் குடிமகன் பிறிதொரு நாட்டிற் சென்று தங்கித் தொழில் செய்து வாழ வேண்டுமாயின், அந்நாட்டு அரசினரின் அனுமதியை முன்னரே பெறுதல் வேண்டும் என்பது உலகெங்கும் வழங்கிவரும் பொதுவிதியாகும். இவ்விதிக்குப் பெரியதொரு விலக்காக அமைந்துள்ளது ஐரோப்பிய ஒன்றியம். அதன் 27 உறுப்பு நாடுகளுள் ஏதேனும் ஒன்றின் குடியுரிமை பெற்றவர், ஏனைய 26 நாடுகளுள் எதிலும் குடியேறி வாழலாம். இஃது அரசினர் மனமிரங்கி அளிக்கும் சலுகையன்று. உடன்படிக்கையினாற் பிறந்த உரிமையாகும். எனினும், உரிமை உண்டென்று அறிதல் வேறு, அதனை முறைப்படி கையாளுதல் வேறு. ஒரு பத்திரக் குறைவினாலோ, ஒரு தவணை தப்பியமையாலோ மாதக்கணக்கிற் சம்பளமும் வைத்திய வசதியுமின்றி அல்லற்படுவோர் உளர். ஆகவே அவ்வழியின் படிகளை ஒழுங்காக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருள் நம்மவர்க்கு அந்நியமானதன்று. 1983 ஆம் ஆண்டிற்குப் பின்னர் ஈழத்தினின்றும் சென்று பிரான்சு, ஜேர்மனி, நெதர்லாந்து, டென்மார்க்கு முதலிய நாடுகளிற் புகலிடம் பெற்றோர் பலர், காலப்போக்கில் அந்நாடுகளின் குடியுரிமையையும் பெற்றனர். அவருட் சிலர் பிற்காலத்திற் பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வி கருதியும் உற்றார் உறவினரை நாடியும் பிரித்தானியாவுக்குக் குடிபெயர்ந்ததும் இவ்வுரிமையின் வழியாகவே. பிரித்தானியா 2020 சனவரி 31 ஆம் நாள் ஒன்றியத்தை விட்டு நீங்கிற்று. இடைக்காலமும் அவ்வாண்டு டிசம்பர் 31 ஆம் நாளுடன் முடிவுற்றது. ஆதலின் அவ்வழி இன்று அடைபட்டுவிட்டது. எஞ்சிய நாடுகளுக்குரிய வழி திறந்தே உள்ளது.

1. உரிமையின் வரலாறு

1957 மார்ச்சு 25 ஆம் நாள் பெல்ஜியம், பிரான்சு, மேற்கு ஜேர்மனி, இத்தாலி, லக்சம்பேர்க்கு, நெதர்லாந்து ஆகிய ஆறு நாடுகளும் உரோமாபுரியிற் கைச்சாத்திட்ட உடன்படிக்கையே இதற்கு வித்தாகும். தொழிலாளர் தடையின்றி நாடுவிட்டு நாடு செல்லலாம் என்னும் கொள்கை அதில் இடம்பெற்றது. 1968 இல் அதனை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதி பிறந்தது. அக்காலத்தில் இவ்வுரிமை தொழில் செய்வோரையே பெரிதும் நோக்கியதாக இருந்தது. 1992 பெப்ரவரி 7 ஆம் நாள் மாஸ்திரிக்கு நகரிற் கைச்சாத்தாகி, 1993 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, உறுப்பு நாட்டுக் குடிமக்கள் யாவரையும் ஒன்றியத்தின் குடிமக்களென வகுத்தது. மாணாக்கரும் முதியோரும் தம் பொருளைக்கொண்டு வாழ்வோருங்கூட இவ்வுரிமைக்கு உரியராயினர். பல சட்டங்களிற் சிதறிக்கிடந்த விதிகளைத் திரட்டி 2004 ஏப்பிரல் 29 ஆம் நாள் ஆக்கப்பட்ட 2004/38 என்னும் இலக்கமுடைய பணிப்புரையே இன்று இத்துறைக்கு அடிப்படை நூலாக விளங்குகிறது. வேண்டும்போது அதன் இலக்கத்தைக் கந்தோரிற் சொல்லிக் கேட்கும் அளவிற்கேனும் நினைவில் இருத்துதல் நன்று.

2. யார்க்கு உண்டு, யார்க்கு இல்லை

இங்கே மூன்று மயக்கங்களை நீக்குதல் அவசியம்.

முதலாவது, குடியுரிமைக்கும் வதிவிட அனுமதிக்கும் உள்ள வேறுபாடு. ஜேர்மனியில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தவராயினும், அந்நாட்டுக் குடியுரிமை பெறாது வதிவிட அனுமதியுடனோ அகதிக்குரிய பிரயாணப் பத்திரத்துடனோ இருப்பவர் இப்பணிப்புரையின்கீழ் வாரார். நீண்டகாலம் வதிந்தோர்க்கென 2003 இல் ஆக்கப்பட்ட வேறொரு சட்டம் உண்டு. 2011 இல் அது புகலிடம் பெற்றோர்க்கும் விரிவாக்கப்பட்டது. ஆயின் அதன் நிபந்தனைகள் கடியன. டென்மார்க்கும் அயர்லாந்தும் அதிற் சேரவுமில்லை.

இரண்டாவது, செங்கன் எல்லைக்கும் ஒன்றியத்திற்கும் உள்ள வேறுபாடு. எல்லையிற் சோதனையின்றிப் பிரயாணஞ் செய்தல் ஒன்று; குடியேறி வாழும் உரிமை மற்றொன்று. அயர்லாந்தும் சைப்பிரசும் செங்கன் வட்டத்துக்குப் புறம்பானவை. ஆயினும் ஒன்றியக் குடிமக்கள் அங்குக் குடியேறத் தடையில்லை. செங்கன் வீசாவோ, பிறிதொரு செங்கன் நாட்டின் வதிவிட அட்டையோ உடையவர் அங்ஙனம் குடியேறுதல் இயலாது.

மூன்றாவது, ஒன்றியத்தைச் சாராத அயல்நாடுகளின் நிலை. நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவை ஐரோப்பியப் பொருளாதார வட்டத்தின் வழியாக இவ்வொழுங்கிற் பங்குகொள்கின்றன. சுவிற்சர்லாந்து 1999 இற் கைச்சாத்தாகி 2002 சூன் 1 முதல் நடைமுறையிலுள்ள தனி உடன்படிக்கையினாற் கட்டுப்பட்டது. அங்கு விதிகள் சிறிது வேறுபடும்.

3. எவ்வகையிற் குடியேறுகிறோம்?

முதல் மூன்று மாதங்களுக்குக் கேள்வியில்லை. செல்லுபடியாகும் கடவுச்சீட்டோ தேசிய அடையாள அட்டையோ இருந்தாற் போதும். அதற்குமேல் தங்க விரும்புவோர் பின்வரும் வகைகளுள் ஒன்றில் அடங்குதல் வேண்டும்.

(அ) தொழிலாளர்: பிறரிடம் சம்பளத்திற்கு வேலை செய்வோர். முழுநேர வேலைதான் வேண்டுமென்பதில்லை. பெயரளவிலன்றி உண்மையாகச் செய்யப்படும் வேலையாயின் பகுதிநேர வேலையும் போதுமென ஐரோப்பிய நீதிமன்றம் 1982 இல் தீர்ப்பளித்துள்ளது.

(ஆ) சுயதொழில் செய்வோர்: கடை, உணவகம், வைத்தியத் தொழில் முதலியவற்றைத் தம் பொறுப்பில் நடத்துவோர்.

(இ) மாணாக்கர்: அங்கீகாரம் பெற்ற நிலையத்திற் சேர்ந்து, முழுமையான வைத்தியக் காப்புறுதியுடன், செலவிற்குப் போதிய வகையுண்டென உறுதிமொழி தரவேண்டும்.

(ஈ) தம் பொருளில் வாழ்வோர்: ஓய்வுபெற்றோர் பெரும்பாலும் இவ்வகையினர். போதிய வருவாயும் முழுமையான வைத்தியக் காப்புறுதியும் வேண்டும். ‘இத்தனை ஆயிரம் வேண்டும்’ என ஒரே தொகையை யாவர்க்கும் விதித்தல் சட்டத்துக்கு மாறானது. அவரவர் நிலையை நோக்கியே முடிவு செய்தல் வேண்டும்.

வேலை தேடிச் செல்வோர் இந்நான்கினும் அடங்காராயினும், மெய்யாகவே வேலை தேடுகின்றனர், கிடைக்கும் வாய்ப்பும் உண்டு எனக் காட்டும்வரை வெளியேற்றப்படார்.

இவ்வகைகளுள் முதலிரண்டே வலிமை மிக்கவை. தொழிலாளர்க்கும் சுயதொழிலாளர்க்கும் சேமிப்பைக் காட்டும் கடப்பாடில்லை. ஆதலால் இயலுமாயின் வேலை ஒப்பந்தத்தைக் கையிற் பெற்ற பின்னரே வீட்டைக் காலிசெய்து புறப்படுதல் அறிவுடைமையாகும்.

4. புறப்படுமுன் செய்யவேண்டியவை

முதன்மையானது பத்திரங்களைத் திரட்டுதல். கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பாடசாலை அறிக்கைகள், தடுப்பூசி அட்டைகள், கல்விச் சான்றிதழ்கள், வேலை செய்த இடங்களின் கடிதங்கள் ஆகியவற்றின் மூலப்பிரதிகளை ஒரு கோவையில் இடுக. ஒன்றிய நாடொன்று வழங்கிய பிறப்பு, விவாகம் முதலிய சான்றிதழ்களுக்குப் பிறிதொரு ஒன்றிய நாட்டில் ‘அப்பொஸ்தீல்’ முத்திரை வேண்டியதில்லை. 2019 பெப்ரவரி 16 முதல் இவ்விதி வழங்குகிறது. அவற்றுடன் பன்மொழிப் படிவமொன்றையும் கேட்டுப் பெற்றால் மொழிபெயர்ப்புச் செலவும் பெரும்பாலும் மிஞ்சும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பெற்ற பிறப்புச் சான்றிதழுக்கு இச்சலுகையில்லை. அதனை எவ்வாறு உறுதிப்படுத்தி, எவரைக்கொண்டு மொழிபெயர்க்க வேண்டுமென்பதைச் செல்லும் நாட்டு நகரசபையில் முன்கூட்டியே கேட்டறிக.

அடுத்தது பெயர். தந்தை பெயரை முன்னே வைத்து எழுதும் நம் வழக்கு ஐரோப்பியப் பதிவேடுகளுக்குப் பொருந்தாதது. ஒருவர்க்குப் பிறப்புச் சான்றிதழில் ஓரெழுத்துக்கோவையும், கடவுச்சீட்டில் மற்றொன்றும், பட்டச் சான்றிதழில் முதலெழுத்துக்கள் மட்டுமாய் வேறொன்றும் இருத்தல் நம்மிடையே சாதாரணம். கணவன் மனைவி பிள்ளைகள் மூவர்க்கும் மூன்று குடும்பப் பெயர்கள் காணப்படுதலும் உண்டு. பழகிய நாட்டில் இவ்வேறுபாடு ஒருமுறை தீர்க்கப்பட்டிருக்கும்; புதிய நாட்டில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஆகையாற் பெயர் வேறுபாட்டை விளக்கும் அதிகாரபூர்வமான கடிதமொன்றை இப்போதுள்ள நாட்டிலேயே பெற்றுவைத்தல் மிகுந்த பயன் தரும்.

மூன்றாவது, விட்டு நீங்கும் நாட்டிற் செய்யவேண்டியவை. ஜேர்மனியை விட்டு வேற்றுநாடு செல்வோர் இரண்டு வாரங்களுக்குள் தம் பதிவை நீக்கவேண்டும். வரிக் கந்தோர், வைத்தியக் காப்புறுதி, பிள்ளைகளுக்கான உதவிப்பணம் வழங்கும் கந்தோர் ஆகியவற்றுக்கு எழுத்துமூலம் அறிவித்து, அறிவித்தமைக்குச் சான்றும் வைத்துக்கொள்க. அறிவியாது வந்தவரிடம் பின்னர் உதவிப்பணத்தைத் திருப்பிக் கேட்பர்.

சாரதி அனுமதிப் பத்திரம் பற்றியும் ஒரு சொல். ஒன்றிய நாடொன்றிற் பரீட்சை எழுதிப் பெற்ற பத்திரம் ஏனைய நாடுகளிலும் செல்லும். இலங்கைப் பத்திரத்தைக் கொடுத்து மாற்றிப் பெற்றதாயின், அதனை ஏற்கவேண்டிய கடப்பாடு மற்றைய நாட்டுக்கு இல்லை.

5. சென்றதும் பதிதல்

பதிவு முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். சில உதாரணங்கள் காட்டுதும்.

ஜேர்மனி: வீட்டிற் குடிபுகுந்து இரண்டு வாரங்களுக்குள் நகரப் பதிவுக் கந்தோரிற் பதிதல் வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் எழுதித்தரும் உறுதிச்சீட்டு இன்றியமையாதது. வரி இலக்கம் பின்னர்த் தபாலில் வந்துசேரும்.

நெதர்லாந்து: நான்கு மாதங்களுக்கு மேல் தங்குவோர் வந்து ஐந்து நாட்களுக்குள் நகரசபையிற் பதியவேண்டும். அங்குக் கிடைக்கும் குடிமகன் இலக்கமே வேலை, வங்கி, வைத்தியம் யாவற்றுக்கும் திறவுகோல். வைத்தியக் காப்புறுதியை நான்கு மாதங்களுக்குள் எடுத்தல் வேண்டும்.

பெல்ஜியம்: மூன்று மாதங்களுக்குமேல் தங்குவோர் நகரசபையிற் பதியவேண்டும்; கூறிய விலாசத்தில் மெய்யாகவே வசிக்கின்றனரா எனக் காவற்றுறையினர் வீட்டிற்கு வந்து பார்ப்பர்.

டென்மார்க்கு: முதலில் ஒன்றியக் குடிமக்களுக்குரிய வதிவிடப் பத்திரம், அதன் பின்னரே ஆளிலக்கம்.

சுவீடன்: ஓராண்டோ அதற்கு மேலோ தங்குவோர் வரிக் கந்தோரிற் குடிப்பதிவு செய்து ஆளிலக்கம் பெறுவர்.

பிரான்சும் அயர்லாந்தும்: ஒன்றியக் குடிமக்கள் வதிவிடப் பதிவு செய்யவேண்டுமென்ற கட்டாயமில்லை. அயர்லாந்தில் வேலைக்கும் அரச சேவைகளுக்கும் பொதுச்சேவை இலக்கம் பெறுதல் வேண்டும்.

சுவிற்சர்லாந்து: மூன்று மாதங்களுக்குமேல் வேலை செய்ய வருவோர் 14 நாட்களுக்குள், வேலை தொடங்குமுன்னரே, உள்ளூர்க் கந்தோரிற் பதியவேண்டும்.

ஒன்றை மறவற்க. ஒன்றிய நாடுகளில் வதியும் உரிமை பதிவினாற் பிறப்பதன்று. பதிவு அவ்வுரிமைக்குச் சான்று மாத்திரமே. பதியத் தவறியவர்க்கு அபராதம் விதிக்கலாம். அக்காரணம் ஒன்றைக்கொண்டே நாட்டைவிட்டு வெளியேற்றல் ஆகாது.

6. காப்புறுதியும் ஓய்வூதியமும்

சமூகப் பாதுகாப்பை 883/2004 என்னும் ஒழுங்குவிதி ஆளுகின்றது. 2010 மே 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. ஒரே காலத்தில் ஒரு நாட்டின் சட்டத்திற்கே ஒருவர் உட்படுவர் என்பதும், பல நாடுகளிற் செலுத்திய காலங்கள் கூட்டிக் கணக்கிடப்படும் என்பதும் அதன் இரு தூண்களாம்.

பொதுவாக வேலை செய்யும் நாட்டிலேயே காப்புறுதி அமையும். ஐரோப்பிய வைத்தியக் காப்புறுதி அட்டை தற்காலிகமாகச் செல்வோர்க்கு உரியது. நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர் அதனை நம்பியிருத்தல் தவறு. ஒரு நாட்டின் ஓய்வூதியம் மட்டும் பெற்று மற்றொரு நாட்டிற் குடியேறுவோர், ஓய்வூதியம் தரும் நாட்டில் ‘எஸ் 1’ என்னும் படிவத்தைப் பெற்றுச் சென்றால் புதிய நாட்டில் வைத்திய உரிமை கிட்டும்.

வேலை இழந்தவர் உதவிப்பணத்துடன் வேறொரு நாட்டில் வேலை தேடச் செல்லவும் வழியுண்டு. முதலில் தம் நாட்டு வேலைவாய்ப்புக் கந்தோரில் நான்கு வாரங்கள் பதிவிலிருந்து, ‘யூ 2’ என்னும் படிவம் பெற்று, புதிய நாட்டில் ஏழு நாட்களுக்குள் பதிதல் வேண்டும். மூன்று மாதங்கள்வரை பணம் கிடைக்கும். அதனை ஆறு மாதங்களாக நீட்டவும் இடமுண்டு. முன்னர் வேலை செய்த காலத்தைச் சான்றுபடுத்தும் படிவம் ‘யூ 1’ ஆகும்.

ஓய்வூதியம் ஒரு நாட்டிற் சேர்ந்து மற்றொரு நாட்டில் அழிவதில்லை. ஓராண்டேனும் காப்புறுதி செலுத்திய ஒவ்வொரு நாடும், அவ்வந்நாட்டின் ஓய்வு வயது வந்ததும், தன் பங்கைத் தரும். பத்தாண்டு பிரான்சிலும் பதினைந்தாண்டு ஜேர்மனியிலும் உழைத்தவர்க்கு இரு பங்குகள் வரும். அதற்குச் சான்றான சம்பளச் சீட்டுக்களை எறிந்துவிடாது பேணுக.

7. குடும்பத்தினரும் பெற்றோரும்

நம்மவர் பலரின் நெஞ்சை உறுத்தும் விடயம் இதுவே. கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், அவ்வயதைக் கடந்தும் தங்கிவாழும் பிள்ளைகள், தம்மைச் சார்ந்து வாழும் இருபக்கப் பெற்றோர் ஆகியோர், எந்நாட்டுக் குடிமக்களாயினும், உடன் வாழ உரியர். மாணாக்கராகச் சென்றவர்க்குப் பெற்றோர் பற்றிய உரிமை இல்லை.

இங்கே நுட்பமானதொரு வேறுபாடு உண்டு. ஜேர்மன் குடியுரிமை பெற்ற ஒருவர் ஜேர்மனியிலேயே வாழும்போது, தாயைக் கொழும்பிலிருந்து அழைப்பதற்கு ஜேர்மன் நாட்டுச் சட்டமே பொருந்தும். அவரே நெதர்லாந்திலோ அயர்லாந்திலோ தொழிலாளராகக் குடியேறினால், ஒன்றியத்தின் சட்டம் பொருந்தும். ஆயின், தாயார் மெய்யாகவே தம் மகனைச் சார்ந்து வாழ்பவரென்பதைக் காட்டுதல் வேண்டும். அச்சார்பு அவர் புறப்படும் நாட்டிலேயே இருந்திருத்தல் வேண்டுமென 2007 இலும், நெடுங்காலம் ஒழுங்காக அனுப்பிய பணம் அதற்குச் சான்றாகலாமென 2014 இலும் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியுள்ளது. ஆதலின் ஊருக்கு அனுப்பும் பணத்தை வங்கி வழியாக அனுப்பி, பற்றுச்சீட்டுக்களை ஆண்டுவாரியாகச் சேர்த்துவைத்தல் வேண்டும். கைமாற்றாக அனுப்பிய பணம் பெற்றோரின் வயிற்றை நிறைத்திருக்கலாம்; ஆயின் கந்தோரில் அதற்குச் சாட்சியில்லை.

குடும்பத்தினர்க்குரிய நுழைவு வீசாவைக் கட்டணமின்றியும் விரைவாகவும் வழங்கவேண்டும். வந்தபின் வதிவிட அட்டைக்கு விண்ணப்பித்தால் ஆறு மாதங்களுக்குள் அது கொடுபடவேண்டும். தொழில் செய்யும் உரிமையும் அவர்க்கு உண்டு. பொய் விவாகத்தினாலும் மோசடியினாலும் பெற்ற உரிமை பறிபோகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

8. கல்வித் தகைமை

வைத்தியர், தாதியர், மருத்துவிச்சியர், பல் வைத்தியர், மிருக வைத்தியர், மருந்தாளர், கட்டடக் கலைஞர் ஆகிய ஏழு தொழிலினர்க்கு, ஒன்றிய நாடொன்றிற் பயின்றாராயின், தகைமை மற்றைய நாடுகளில் தாமாகவே ஏற்கப்படும். 2005/36 என்னும் பணிப்புரை இதனை விதிக்கின்றது. பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ வைத்தியம் பயின்றோர் நிலை வேறு. முதலில் ஒரு நாடு தன் சட்டப்படி அத்தகைமையை ஏற்று, அந்நாட்டிலேயே மூன்றாண்டு தொழில்புரிந்து சான்று பெற்றால், பின்னர் மற்றைய நாடுகளிடம் இப்பணிப்புரையின்படி அங்கீகாரம் கோரலாம். மூன்றாண்டு நிறையுமுன் நாடுமாறுதல் நட்டமாய் முடியலாம்.

தொழிலாளரின் பிள்ளைகளை அந்நாட்டுப் பிள்ளைகளைப் போலவே பாடசாலையிற் சேர்த்தல் வேண்டும். பல்கலைக்கழகக் கட்டணத்திலும் ஒன்றியக் குடிமக்களிடையே வேறுபாடு காட்டுதல் ஆகாது.

9. வேலை இழப்பும் நிலையான வதிவிடமும்

ஓராண்டிற்கு மேல் வேலைசெய்து தம் குற்றமின்றி வேலையிழந்தவர், வேலைவாய்ப்புக் கந்தோரிற் பதிந்தால் தொழிலாளர் நிலையை இழவார். ஓராண்டு நிறையாதவர்க்குக் குறைந்தது ஆறு மாதங்கள் அந்நிலை தொடரும். பதியாமல் வாளாவிருத்தலே பெருந்தீங்கு.

ஐந்தாண்டு இடையறாது சட்டப்படி வதிந்தவர் நிலையான வதிவிட உரிமை பெறுவர். அதன்பின் வேலை, வருவாய், காப்புறுதி பற்றிய நிபந்தனைகள் யாவும் நீங்கும். ஆண்டுக்கு ஆறு மாதங்கள்வரை வெளியிற் சென்றுவருதலும், மகப்பேறு, கடும்நோய், கல்வி போன்ற தக்க காரணத்தால் ஒருமுறை 12 மாதங்கள்வரை நீங்கியிருத்தலும் தொடர்ச்சியைக் கெடுக்கா. பெற்ற உரிமையோ தொடர்ந்து இரண்டாண்டுக்கு மேல் நாட்டில் இல்லாதபோதுதான் நீங்கும். ஊரில் நீண்டகாலம் தங்க விரும்பும் முதியோர் இக்கணக்கை மனத்திற் கொள்க.

10. மறுக்கப்படின்

கந்தோரிலுள்ள எழுதுவினைஞர் யாவரும் ஒன்றியச் சட்டத்தை நன்கறிந்தவரென எதிர்பார்த்தல் இயலாது. மறுப்பு வாய்மொழியாக வந்தால் எழுத்தில் தரும்படி கேட்க. காரணத்தையும் மேன்முறையீட்டுத் தவணையையும் அதிற் குறித்தல் அவர்தம் கடன். ‘சொல்விட்’ என்னும் சேவை, ஒரு நாட்டின் அரச நிலையம் ஒன்றியச் சட்டத்தைத் தவறாகக் கையாளும்போது, இரு நாடுகளின் உத்தியோகத்தர் வழியாகப் பிரச்சினையைக் கட்டணமின்றித் தீர்க்க முயல்கிறது. பத்து வாரங்களுள் முடித்தல் அதன் இலக்கு. மேன்முறையீட்டுத் தவணை அதனால் நிற்பதில்லை; ஆகவே இரண்டையும் ஒருங்கே செய்தல் வேண்டும்.

குடியேறிய நாட்டில் நகரசபைத் தேர்தலிலும் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கவும் போட்டியிடவும் உரிமையுண்டு என்பதையும் ஈண்டுக் கூறல் தகும். வந்த ஊரில் வரியிறுப்பவர் அவ்வூர் ஆட்சியிலும் பங்குகொள்ளுதல் முறையன்றோ?

சுருங்கக் கூறின், வகையைத் தெளிக, பத்திரங்களைத் திரட்டுக, பெயரைச் சீர்செய்க, தவணைக்குள் பதிக, காப்புறுதியில் ஒருநாளும் இடைவெளி விடற்க, எதனையும் எழுத்திற் பெறுக. விதிகள் காலத்துக்குக் காலம் மாறும் இயல்பினவாதலின், புறப்படுமுன் அந்நாட்டுக் கந்தோரில் ஒருமுறை கேட்டு உறுதிசெய்தலும் வேண்டும். இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர் தமக்கு வேண்டாவிடினும், வேண்டுவார்க்கு இதனை எடுத்துரைப்பாராக.